முட்டைக்காரருக்கு டயர் பிடித்த கதை

ஒரு மனிதனின் உயிர் எங்கள் கடையில் நாலாயிரத்து இருநூறு. முன் சக்கரம், பின் சக்கரம், மாட்டும் கூலி எல்லாம் உள்பட. பழைய டயரை எங்களிடமே விட்டுப் போனால் நூறு குறையும். பின் சக்கரத்துக்கு மட்டும் போதும் என்று சொல்கிறவர்களுக்குப் பாதி உயிர், பாதி விலை. இதற்கும் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. பேரம் பேசாமல் காசை எடுத்து வைக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வண்டி அவருடையதுதானா என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

முட்டைக்காரர் மூன்று வாரம் பேரம் பேசினார்.

பண்ணையிலிருந்து வரும் முட்டைகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் அட்டை அட்டையாக அடுக்கிக் கட்டி, கடை கடையாகப் போடுகிறவர் அவர். முப்பத்திரண்டு வயது. அதிர்ந்து பேச மாட்டார், அதிர்ந்து நடக்க மாட்டார். தும்மல் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் தும்முவார் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட நிதானஸ்தரின் வண்டியில் இருந்த இரண்டு டயரும் மொட்டை. பள்ளம் என்று ஒன்று அதில் இருந்ததற்கு அடையாளமே இல்லை. தடவிப் பார்த்தால் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது.

வாரத்துக்கு மூன்று தடவை வருவார். விலை கேட்பார். என் தங்கை பேசுவதை முழுசாகக் கேட்பார். போய்விடுவார்.

கடையில் விலை சொல்வது நான், வேலை செய்வது தங்கை. சக்கரத்தைக் கழற்றுவது, டயரை ரிம்மில் ஏற்றுவது, காற்றை அளந்து வைப்பது எல்லாம் அவள் கை. அவளுக்குக் கடைத்தெருவில் 'பிரேக்கு' என்று பெயர். யார் வந்தாலும் நிறுத்தி வைத்துப் பேசாமல் விட மாட்டாள்.

"டயர்ல பள்ளம் எதுக்கு இருக்கு, தெரியுமா?" என்று முட்டைக்காரரைக் கேட்டாள்.

"அழகுக்குங்களா?"

"தண்ணி வெளியே போறதுக்கு. மழையில ரோட்டுக்கும் டயருக்கும் நடுவுல தண்ணி வந்து உட்கார்ந்துக்கும். பள்ளம் இருந்தா அது வழியா ஓடிரும். இல்லேன்னா உங்க வண்டி தண்ணி மேல நிக்கும். தண்ணி மேல நிக்க நீங்க என்ன குளத்துப் பூச்சியா?"

"இல்லீங்க."

"அப்ப மாத்துங்க."

"விலைதான் கொஞ்சம்..." என்று அவர் இழுத்து, அப்போதுதான் கடையில் நான் ஒருவன் இருப்பது ஞாபகம் வந்ததுபோல என்னைப் பார்ப்பார். நான் ஐம்பது குறைப்பேன். ஐம்பதுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருநாள் விட்டு மறுபடி வருவார், பள்ளம் எதற்கு என்று மறுபடி கேட்பார். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேரத்தில் வளர்ந்த குடும்பம். இவ்வளவு பொறுமையாகப் பேரம் பேசும் ஆளை நான் கண்டதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

பத்தாவது தடவை தங்கை எழுந்து போய் அவர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"அண்ணன் சொல்ற விலையும் வேண்டாம், நீங்க சொல்ற விலையும் வேண்டாம். நாளைக்கு மழைங்கிறாங்க. ரெண்டு மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்குங்க."

அவர் தோற்ற முகத்தோடு போகவில்லை. சிரித்துக்கொண்டே போனார். மறுபடி ஐம்பது குறைத்துவிட்டாரோ என்று நான் கணக்கைச் சரிபார்த்தேன்.

மறுநாள் பகலுக்குள் தங்கை இரண்டு டயரும் மாட்டி, காற்று வைத்து, வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டாள். நாங்கள் சாப்பிடப் பின்கட்டுக்குப் போனபோது வழக்கம்போல அப்பா வந்து கல்லாவில் உட்கார்ந்தார். ரெண்டு மணிக்கு முட்டைக்காரர் வந்தார். தங்கை அப்போது உள்ளே ஒரு லாரி டியூபோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அங்கிருந்தே கத்தினாள்.

"புது டயருங்க. முதல் நூறு கிலோமீட்டருக்குச் சாய்க்காம ஓட்டுங்க. மேல் தோல் தேயணும்."

"சரிங்க," என்றார். பண்ணையில் முட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழ்ப்பேட்டைக் கடைகளுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மூன்றரைக்கு மழை பிடித்தது. ஒன்றரை மாதம் காய்ந்து கிடந்த ரோட்டில் விழும் முதல் மழை. அப்பா வாசலில் நின்று கையை நீட்டித் துளி பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"முட்டைக்காரன் வண்டியைப் பார்த்தியாடா? கருகருன்னு என்னமா மினுங்குச்சு."

"புது டயர்ப்பா. மினுங்காம?"

"எங்க மினுங்குச்சு? நீங்க மாட்டி வெச்சப்ப சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. நான்தான் உட்கார்ந்து துடைச்சேன்."

உள்ளேயிருந்து தங்கை வெளியே வந்தாள்.

"எதை வெச்சுத் துடைச்சீங்க?"

"அந்த ஸ்ப்ரே டப்பாதான். கார் டாஷ்போர்டுக்கு அடிக்கிற பாலிஷ்."

"பக்கவாட்டுலதானே அடிச்சீங்க?"

"பக்கவாட்டுல மட்டும் அடிச்சா யாரு மதிப்பா? சக்கரத்தைச் சுத்திச் சுத்தி முழுசா அடிச்சேன். பள்ளத்துக்குள்ளகூட துணியை விட்டு."

என் அப்பா நாற்பது வருஷம் சந்தையில் ஆப்பிள் விற்றவர். ஒவ்வொரு ஆப்பிளையும் தொடையில் தேய்த்து மினுக்கித்தான் அடுக்குவார். அவர் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே வகைச் சரக்கு: மினுக்கியது, இனி மினுக்க வேண்டியது. எங்கள் பள்ளிக்கூடப் பையைக்கூடத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத்தான் அனுப்புவார். ஆப்பிள் ரோட்டில் ஓடாது என்பது ஒன்றுதான் அவர் தொழிலில் இருந்த பாதுகாப்பு.

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அந்த டயர் இப்ப சோப்புக்கட்டி. முன்னாடியும் சோப்பு, பின்னாடியும் சோப்பு. ரோட்டையே பிடிக்காது. கீழ்ப்பேட்டைக்கு அந்த இறக்கத்துலதான் போகணும். போன் போடு அவருக்கு."

போட்டேன். நல்ல வேளையாக எடுத்தார்.

"முட்டைக்காரரே, எங்க இருக்கீங்க?"

"பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன் முதலாளி. மழைக்கு ஒதுங்கினேன்."

என் உயிர் திரும்பி வந்தது. வேறு எவனாக இருந்தாலும் இந்த இடத்தில், 'டயரில் பாலிஷ் இருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பான். ஆனால் விற்ற சரக்கில் குற்றம் இருக்கிறது என்று வாயால் சொல்வது எங்கள் வம்சத்தில் வழக்கமில்லை. சுற்றித்தான் வருவோம். உடம்பு சௌக்கியமா என்று கேட்டேன். முட்டை விலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். தங்கை என் விலாவில் குத்தினாள்.

"பிடிக்குதான்னு கேளு அண்ணா. முதல்ல அதைக் கேளு."

"தங்கச்சி பக்கத்துல இருக்கா," என்றேன் போனில். "பிடிச்சிருக்கான்னு கேட்கச் சொல்றா."

"அவங்களேவா கேட்கச் சொன்னாங்க?" என்றார்.

"அவதான். ரொம்பக் கவலையா இருக்கா."

"கவலையே வேண்டாம்னு சொல்லுங்க. ரொம்ப நாளாவே பிடிச்சிருக்கு."

"ரொம்ப நாளாவா? இன்னைக்குக் காலையிலதானே மாட்டினோம்?"

"என்ன சொல்றாரு?" என்றாள் தங்கை.

"பிடிச்சிருக்காம்."

அவ்வளவுதான், தங்கைக்குப் பொறுமை போயிற்று. போனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, கடைத் தகரம் அதிரக் கத்தினாள்.

"பொய். பிடிக்கவே பிடிக்காது. இந்த ஜென்மத்துல பிடிக்காது."

போன் அணைந்துவிட்டது.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அதற்குள் தங்கை ஹெல்மெட்டை மாட்டி, கையுறையை இழுத்துவிட்டு, தடித்த மழைச்சட்டையைப் பூட்டிக்கொண்டு தன் வண்டியில் ஏறியிருந்தாள். எனக்கு ஒரு ஹெல்மெட்டை வீசினாள். அப்பா பின்னாலேயே ஓடிவந்து, "சீட்டு நனைஞ்சிருக்கு, இரு துடைச்சு விடறேன்," என்றார்.

"துணியைக் கீழே போடுங்கப்பா," என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

துரத்தல் என்றால் நீங்கள் பெரிதாக எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். தங்கை இருபதைத் தாண்டவில்லை. ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் இருந்தவர் குடை வேறு பிடித்திருந்தார்.

"கொஞ்சம் முறுக்கேன்டி."

"முதல் மழை அண்ணா. ஒன்றரை மாசத்து எண்ணெயும் தூசியும் இப்பதான் மேல வந்து நுரைக்குது. அரைமணி நேரம் கொட்டினாத்தான் கழுவிட்டுப் போகும். நாமளும் விழுந்தா நம்மளைத் தேட அப்பாதான் வரணும்."

அப்பா எங்களைத் துடைத்து எடுத்துவருவதை நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இரும்பு மூடிகளைச் சுற்றிப் போனாள். வெள்ளைக் கோடுகளை மிதிக்காமல் நடுவில் போனாள். முன்னால் போன காரின் சக்கரங்கள் தண்ணீரை ஒதுக்கிய தடத்திலேயே எங்கள் சக்கரத்தை வைத்துப் போனாள். அவசரத்தில் இருக்கிறவள் இத்தனை மெதுவாகப் போவதைப் பார்க்க எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல இருந்தது. பயத்திலும் சிரிப்பு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே போனேன்.

பெட்ரோல் பங்கில் முட்டைக்காரர் இல்லை.

"முட்டை வண்டியா?" என்றார் பெட்ரோல் போடுகிறவர். "இப்பதான் போனாரு. போன் பேசிட்டு இருந்தாரு, ஆளு ஒரு மாதிரி ஆயிட்டாரு. மழை விடட்டும்னு சொன்னேன். இனிமே விட்டா என்ன, விடாட்டி என்னன்னுட்டு எடுத்துட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"இறக்கத்துப் பக்கம்."

தங்கை வண்டியைத் திருப்பினாள். "டயர் பிடிக்காதுன்னு தெரிஞ்சும் எவனாவது வண்டியை எடுப்பானா? பைத்தியமா இந்த ஆளு?"

எனக்கு மண்டையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. காலையில் மாட்டிய டயரை ஒருவருக்கு எப்படி ரொம்ப நாளாகப் பிடித்திருக்கும்? மூன்று வாரம், பத்து தடவை, ஐம்பது ஐம்பதாக. அது பேரமே இல்லை. நான் ஐநூறு குறைத்தது வீண். இதை நினைத்ததும் முதலில் வயிறு எரிந்தது. பிறகுதான் அந்த மனிதர் மனசு உடைந்துபோய், இரண்டு சோப்புக்கட்டிமேல் உட்கார்ந்து, இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. பாலிஷ் போட்டவர் என் அப்பா. சொல்ல வேண்டியதைச் சொல்லாதவன் நான். பிடிக்காது என்று கத்தியவள் என் தங்கை. குடும்பமே சேர்ந்து ஓர் அப்பாவியைத் தள்ளிவிட்டிருக்கிறோம்.

தங்கையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஈர ரோட்டில் ஓட்டுகிறவளிடம் இப்படிப்பட்ட சரக்கை இறக்கக் கூடாது என்று புத்தி சொன்னது. வாயைக் கட்டிக்கொண்டேன்.

இறக்கம் தொடங்கியது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி வேலி, நடுவில் ரோட்டில் வாய்க்கால் மாதிரி தண்ணீர். ஒவ்வொரு திருப்பத்திலும் மஞ்சள் கரு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். முதல் திருப்பத்தில் இல்லை. இரண்டாவது திருப்பத்தில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. வாழைப்பழத் தோல்.

"பார்த்தியா அண்ணா?"

"தோலு, தோலு. போ."

"அந்த ஆளுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் ஸ்பானரைத் தொட மாட்டேன்," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. வருஷத்துக்கு ஆயிரம் சக்கரம் மாட்டுகிறவள். ஒரு வாடிக்கையாளருக்காகவும் இப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவது திருப்பம் தாண்டி, கீழே, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முட்டைக்காரர் நின்றிருந்தார். முழுசாக நின்றிருந்தார். வண்டி ஓரமாகப் பெரிய ஸ்டாண்டில் நின்றது. அவர் குத்துக்காலிட்டு, ரோட்டோர மணலை அள்ளி, பின் டயரில் போட்டுப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். முட்டை அட்டைகள் அடுக்கு குலையாமல் இருந்தன.

"இருக்காரு," என்றாள் தங்கை. "அண்ணா, நிக்கிறாரு."

அந்தச் சந்தோஷத்தில் என் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது.

"ஏய், அவரு டயரைச் சொல்லலைடி. பிடிச்சிருக்குன்னது உன்னை."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே வெள்ளைப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், தெரியும் அல்லவா. நனைந்த பெயிண்டின்மேல் முன் பிரேக்கைத் தொடாதே என்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவள், சரியாக அதன் நடுவில், முன் பிரேக்கை முழுக்கையால் இறுக்கிப் பிடித்தாள்.

முன் சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. வேகம் இருபதுகூட இருக்காது. அதனால் விழுந்தோம் என்று சொல்வதைவிடப் படுத்தோம் என்று சொல்லலாம். தங்கை பக்கவாட்டில் மழைச்சட்டை தேயச் சறுக்கினாள். நான் உட்கார்ந்த நிலையிலேயே, யாரோ பலகையில் வைத்துத் தள்ளியது மாதிரி, முட்டைக்காரர் காலடி வரை போய்ச் சேர்ந்து, "சௌக்கியமா?" என்றேன். ஆளில்லாத எங்கள் வண்டி எங்களுக்கு முன்னாலேயே போய் அவர் வண்டியை மெதுவாக ஒரு இடி இடித்தது. இத்தனை நேரம் குலையாமல் வந்த அடுக்கு கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, மொத்தமாகச் சரிந்தது.

முட்டைக்காரர் முட்டையைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடிபட்டிருச்சா? எழுந்திரிக்காதீங்க. கழுத்து வலிக்குதா? விரலை ஆட்டுங்க பார்க்கலாம்."

அவள் பத்து விரலையும் ஆட்டினாள். கையுறை உள்ளங்கையில் கிழிந்திருந்தது, கை கிழியவில்லை. ஹெல்மெட்டில் ஒரு நீளக் கோடு; தலையில் ஒன்றுமில்லை. அவளைத் தூக்கி உட்கார வைத்தார். இருவர் மேலும் மழை கொட்டியது.

"நீங்க எப்படி விழாம வந்தீங்க?" என்றாள் அவள். கோபமாகத்தான் கேட்டாள்.

"முட்டை சொல்லிருச்சுங்க. முதல் திருப்பத்துல அட்டையெல்லாம் கிடுகிடுன்னுச்சு, பின்னாடி லேசா வால் ஆடுச்சு. நான் பிரேக்கைத் தொடலை. கியரைக் குறைச்சு, நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு, உருட்டிக்கிட்டே கீழ வந்துட்டேன். பன்னெண்டு வருஷமா முட்டையோட போறேன், வேற மாதிரி ஓட்டத் தெரியாது." பின் டயரைக் காட்டினார். "டயர்ல என்னமோ வழவழன்னு இருக்கு. மணல் போட்டாலும் போக மாட்டேங்குது."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். சுற்றி வளைக்க அங்கே இடமில்லை.

"எங்கப்பா பாலிஷ் போட்டுட்டாரு," என்றேன். "தப்பு எங்க சரக்குலதான்." சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. மழைதான் விழுந்தது.

முட்டைக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப, பிடிக்கவே பிடிக்காதுன்னு கத்தினது..."

"டயரை," என்றாள் தங்கை.

"இந்த ஜென்மத்துல..."

"டயரைத்தாங்க. பாலிஷ் போட்ட டயர் எந்த ஜென்மத்துல பிடிக்கும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே போடாத மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கைக்கும் தொற்றிக்கொண்டது. முழங்கால் வரை வெள்ளையும் மஞ்சளுமாக ரோட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் விக்கி விக்கிச் சிரித்தார்கள். அப்போது அப்பா போன் பண்ணினார். விஷயத்தைச் சொன்னேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் தெளிவாகிவிட்டார்.

"உடையாத முட்டையை மழையில விடாதீங்கடா. துடைச்சு அடுக்குங்க. பார்க்க நல்லா இருக்கணும்."

போனை அணைத்தேன்.

"எண்ணுங்க," என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போனதெல்லாம் எங்க பொறுப்பு. முட்டைக்கு முட்டை திருப்பித் தந்துடறோம்."

"அதெல்லாம் எதுக்குங்க."

"எண்ணுங்கன்னா எண்ணுங்க. எத்தனை ஏத்தினீங்க?"

"எட்டு அட்டை. அட்டைக்கு முப்பது."

பள்ளிக்கூடக் கூரை ஓரத்தில் ஒதுங்கி எண்ணினோம். அவர் ஓடுகளைப் பொறுக்கி எண்ணினார், அவள் முழுசானதை எண்ணினாள், நான் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரே அட்டையில் இரண்டு பேர் கையும் போய், 'நீங்க எண்ணுங்க', 'இல்ல நீங்க எண்ணுங்க' என்று விட்டுக்கொடுத்ததில் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கூட்டிப் பார்த்தேன். கணக்கில் ஒன்று உதைத்தது. மறுபடி எண்ணினோம். மறுபடியும் அதே ஒன்று.

"சாக்கடையில போயிருக்கும்," என்றேன்.

"போயிருந்தா ஓடாவது மிதக்கணுமே," என்றாள் தங்கை. விட மாட்டாள்.

முட்டைக்காரர் அந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் கடைக்கு வந்து ஒருதரம் எண்ணிப் பார்க்கட்டுங்களா?"

"உடைஞ்ச முட்டையை நாளைக்கு எப்படி எண்ணுவீங்க?"

"வந்து பார்க்கிறேங்க. கணக்கு நேராகாட்டி நாளன்னைக்கும் வர்றேன்."

அவள் கிழிந்த கையுறையைக் கழற்றி மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ஒம்பது மணிக்குத் திறப்போம்," என்றாள். "வண்டியை இங்கேயே விட்டுட்டு நடந்து வாங்க. டயரை நான் கழுவித் தர்ற வரைக்கும் அதுல ஏறக் கூடாது."

நான் பேனாவை உதறி, மழை படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி கடைசியாக ஒருமுறை சுத்தமாக எழுதினேன்:

ஏற்றியது இருநூற்று நாற்பது. உடைந்தது நூற்று முப்பத்தொன்று. கீறல் விட்டது நாற்பத்தாறு. முழுசு அறுபத்திரண்டு. ஆக, இருநூற்று முப்பத்தொன்பது. பாக்கி, ஒன்று.